நிறம் தீட்டாத பாதி

போன மழைக்காலத்திலிருந்து அந்த வீட்டில் அப்பாவும் மகளும் சுவர் வழியாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“விளக்கை அணைக்கச் சொல்லு” என்று அவர் சுவரைப் பார்த்துச் சொல்வார். “அணைச்சாச்சுன்னு சொல்லு” என்று அவள் அதே சுவரைப் பார்த்துச் சொல்வாள். நடுவில் அம்மா என்று ஒருத்தி முழு உருவமாக உட்கார்ந்திருந்தாலும், இரண்டு பேருக்கும் சுவர்தான் வசதியாக இருந்தது. அப்பா பெயிண்டர். சுவர் என்றால் அது தன் பக்கம்தான் சாயும் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

மகள் செய்த தப்பு என்னவென்று இந்தக் கதையை வாராவாரம் படிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கணக்குப் படிப்பை நடுவில் விட்டுவிட்டு, ஊருக்கு வெளியே இருக்கும் பழைய மாளிகைத் தோட்டத்தில் நாற்றுத் தொட்டிகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் வேலையில் போய்ச் சேர்ந்தாள். சின்ன வயதில் தரையில் குப்புறப் படுத்து, ஊர்ந்து போகிற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்ததால் வீட்டில் அவளுக்கு எறும்பு என்று பெயர். அந்த எறும்பு இப்போது செடிகளின் கீழே படுத்து வரைய ஆரம்பித்திருந்தது.

படிப்பு போனதுகூடப் பெயிண்டருக்குப் பெரிய வலி இல்லை. பாதியில் விட்டாளே, அதுதான். சுவருக்கு ஒரு கோட்டு பெயிண்ட் அடித்துவிட்டு இரண்டாவது கோட்டுக்கு வராமல் போகிறவனை அவர் மனிதர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. தன் வீட்டிலேயே அப்படி ஒன்று முளைத்துவிட்டது என்று அவருக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் போன வாரம் எறும்பு அம்மாவின் மடியில் ஓர் அழைப்பு அட்டையைப் போட்டுவிட்டு ஓடிப் போனாள். மாளிகையின் ஓவியக் கூடத்தில், தோட்டத்துச் செடிகளின் பழைய படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும் சுவரில், புதிதாக ஒரு படம் ஏறப்போகிறது. அந்தச் சுவரில் ஒரு தலைமுறைக்கும் மேலாகப் புதுப் படம் எதுவும் ஏறியதில்லை. இப்போது ஏறப்போவது எறும்பு வரைந்தது.

அம்மா அந்த அட்டையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெயிண்டரின் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு, அவர் கண்ணில் படும்படி கதவில் மாட்டினாள். அவர் அதைத் தாண்டிப் போய், வண்ணம் தெறித்த பழைய சட்டையைப் போட்டுக்கொண்டார். தனக்கு வேலை இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை எந்தச் சுவர் உங்களைக் கூப்பிட்டது என்று அம்மா கேட்டதற்கு, பிரஷ்களைக் கழுவ வேண்டும் என்றார். பிரஷ்கள் நேற்றே கழுவித் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

அம்மா மல்லுக்கட்டவில்லை. கைப்பையைத் திறந்து, மஞ்சள் துணியில் சுற்றிய ஒன்று உள்ளே இருக்கிறதா என்று மட்டும் தடவிப் பார்த்தாள்.

அது ஒரு மூக்குக்கண்ணாடி. அம்மாவுக்குக் கடைத்தெருவில் இருக்கும் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் மூக்குக்கும் காதுக்கும் தக்கபடி பிரேமை வளைத்துக் கொடுப்பாள். ஊரில் பாதிப் பேருடைய காதின் உயரம் அவளுக்கு அத்துப்படி. அப்படிப்பட்டவளுக்குத் தன் புருஷன் கைப்பேசியைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படிப்பது தெரியாமல் போகுமா? போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னால், கண்ணாடி போட்ட பெயிண்டரை எவன் கூப்பிடுவான் என்பார். கடையின் ஷட்டருக்குப் பெயிண்ட் அடிக்க வந்த அன்று, டீ குடிக்கிற நேரத்தில் விளையாட்டாக அவரைச் சோதனை நாற்காலியில் உட்கார வைத்து, எழுத்துப் பலகையைப் படிக்க வைத்து, பவரைத் தெரிந்துகொண்டுதான் அவள் இதைச் செய்ய வைத்தாள். அன்றிலிருந்து அது பையிலேயே கிடக்கிறது. நாலைந்து தடவை எடுத்து நீட்டினாள். நாலைந்து தடவையும் அவர் அதைப் பல்லி விழுந்த சாப்பாடு மாதிரி பார்த்தார்.

வாசலில் வேன் வந்து நின்றது. அம்மாவின் தம்பி. வாயால் வேன் ஓட்டுகிறவன் என்று அவனுக்கு ஒரு பட்டம் உண்டு. உள்ளே வந்ததும் அக்காவின் முகத்தைப் பார்த்தான், கதவில் தொங்கும் சட்டையைப் பார்த்தான், விஷயம் விளங்கிவிட்டது.

“நீங்க வராட்டி பரவாயில்ல மச்சான்” என்றான். “அந்த மாளிகை வெளிச்சுவர்ல இன்னிக்கு வரைக்கும் ஒரு வெடிப்பு இல்லையாம். அந்தக் காலத்து ஆளுங்க அடிச்சது. இப்ப அந்த மாதிரி அடிக்க ஆளே கிடையாதுன்னு பேசிக்கிறாங்க. நான் போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன்.”

“யார் பேசிக்கிறா?”

“எல்லாரும்தான்.”

பெயிண்டர் கையில் இருந்த பிரஷை வைத்தார். சுவரைத்தான் பார்க்கப் போகிறேன், வேறு எதையும் இல்லை என்று சுவரிடம் சொன்னார். பிறகு வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

மாளிகையின் வாசலில் இருந்து உள்ளே போக ஒரு நீண்ட பாதை. இரண்டு பக்கமும் வயதான மரங்கள், பெரிய மனிதர்கள் வரவேற்க நிற்பது போல் நின்றன. அந்தக் காலத்தில் இங்கே வாழ்ந்த சீமானுக்கு இரண்டே பைத்தியமாம்: ஒன்று ஓவியம், இன்னொன்று செடி. தேசம் தேசமாக ஆள் அனுப்பி இரண்டையும் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். அவருக்குப் பின் வந்தவர்கள் எல்லாவற்றையும் பொதுமக்களுக்கு என்று எழுதி வைத்துவிட்டார்கள்.

பெயிண்டர் மரங்களைப் பார்க்கவில்லை. நேராகப் போய் மாளிகையின் வெளிச்சுவரில் புறங்கையை வைத்தார். ஈரம் பார்க்கிற கை அது. எந்தச் சுவரைப் பார்த்தாலும் முதலில் விரலின் பின்பக்கத்தால் தொடுவார். கொஞ்சம் நடந்து, தூணுக்குப் பின்னால் குனிந்து, கடைசியில் ஜன்னலுக்குக் கீழே தலைமுடி கனத்தில் ஒரு வெடிப்பைக் கண்டுபிடித்தார். மச்சினனைக் கூப்பிட்டுக் காட்டினார். அவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்து அம்மாவுக்கு ரொம்ப நாள் ஆகியிருந்தது.

எறும்பு பச்சை ஏப்ரனோடு ஓடி வந்தாள். நகத்துக்குள் மண். அப்பாவைப் பார்த்ததும் ஓட்டம் நடையானது.

“மாமா, எல்லாரும் வந்ததுக்கு ரொம்ப சந்தோஷம்னு சொல்லுங்க” என்றாள்.

“எல்லாருக்கும் கேட்டிருச்சு” என்றான் மாமா.

படத்தை மதியம்தான் திறந்து வைப்பார்களாம். அதுவரை தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கலாம் என்றாள். அம்மா மகளோடு நடந்தாள். நடக்க நடக்க அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. புல் வெட்டுகிறவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, நீங்கள்தான் அவளுடைய அம்மாவா என்று கேட்டார். விதைக் கிடங்கில் இருந்து இரண்டு பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து பார்த்தார்கள். டிக்கெட் கொடுக்கும் பெண் ஜன்னல் வழியாகக் கையாட்டினாள். கண்ணாடிக் கடையில் அம்மா தினமும் எத்தனையோ பேர் முகத்தைப் பார்க்கிறவள். அவள் முகத்தை இத்தனை பேர் பார்த்தது இன்றைக்குத்தான்.

பின்னால் மாமா, வந்திருந்த வேறொரு குடும்பத்தை நிறுத்தி வைத்து, உள்ளே மாட்டப்போகும் படம் எங்கள் வீட்டுப் பிள்ளை போட்டது, பார்க்காமல் போய்விடாதீர்கள் என்று பேருந்து நிலையத்தில் ஆள் பிடிப்பது போல் பிடித்துக்கொண்டிருந்தான்.

செடிகளை வளர்க்கும் கண்ணாடி வீட்டுக்குள் நுழைந்ததும் வெயிலும் ஈரமும் சேர்ந்து முகத்தில் அப்பியது. எறும்பு அம்மாவை ஒரு மூலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே தூணைச் சுற்றி ஒரு கொடி ஏறியிருந்தது. தண்டு முழுக்கப் பூனைக்குட்டியின் முதுகு போல் மெல்லிய முடி. பூ விரல்நுனி அளவுதான், கத்தரிப்பூ நிறம்.

“இதைத்தாம்மா வரைஞ்சிருக்கேன்.”

அம்மா குனிந்து பார்த்தாள். இவ்வளவு சின்னதையா என்று ஆச்சரியப்பட்டாள். எவ்வளவு நாள் பிடித்தது என்று கேட்டாள். எறும்பு அதற்குப் பதில் சொல்லாமல் ஏப்ரன் நாடாவைச் சுருட்டினாள். சின்ன வயதிலும் இப்படித்தான். பெரிதாக எதையாவது சொல்ல வரும்போது கைக்கு ஒரு நூல் வேண்டும்.

“படம் இன்னும் முடியலம்மா. காய் வரையணும். இந்தக் கொடி இங்க பூக்கும், காய்க்காது. காய்க்க வைக்கிற பூச்சி இங்க இல்ல.”

“அப்புறம்?”

“அது பொறந்த மலைக்குப் போய்த்தான் வரையணும். போறியான்னு கேட்டாங்க. நான் சரின்னுட்டேன்.”

அம்மா கொடியைப் பிடித்துக்கொண்டாள். அந்த மலை எங்கே இருக்கிறது என்று மகள் சொல்லச் சொல்ல அவளுக்குக் கண்ணாடிக் கூரை கீழே இறங்கி வருவது போல் இருந்தது. கடல் தாண்டி, கரையில் இறங்கி, அங்கிருந்து ஏற வேண்டும். பூ காயாகி முற்றுவதற்கு இரண்டு மழைக்காலம் பிடிக்கும். செடி ஆராய்கிற ஆட்களோடு போய், அதுவரை அங்கேயே தங்க வேண்டும். போகிறவர்களில் எறும்புதான் இளையவள். வரைகிறவள் அவள் ஒருத்திதான்.

பெருமைப்படுவதா, அழுவதா என்று தெரியாமல் அம்மா மகளின் ஏப்ரன் நாடாவை வாங்கித் தானும் சுருட்டினாள்.

“அப்பாகிட்ட எப்ப சொல்றது?”

“இன்னிக்கு வேணாம்மா. இன்னிக்கு அவர் வந்திருக்காரே, அதுவே போதும். படத்துல காய் வர்ற இடத்துல ஒரு சின்ன வட்டம் மட்டும் பென்சில்ல போட்டு வெச்சிருக்கேன். அதைப் பார்த்தா கேட்பார். ஆனா பார்க்க மாட்டார். அவர் எப்பவும் தூரத்துல நின்னுதான் பார்ப்பார். கிட்டக்க வந்தாலும் அவருக்குத் தெரியாது.”

அப்படிச் சொன்னதற்கு அவளே வெட்கப்பட்டாள். அம்மாவின் கை தானாகக் கைப்பையின் மேல் போனது.

மதியம் ஓவியக் கூடத்தைத் திறந்தார்கள். ஜன்னல்களுக்கெல்லாம் கனத்த திரை. பழைய படங்களுக்கு வெயில் ஆகாதாம். முதல் அறையில் பெரிய மனிதர்களின் ஆளுயரப் படங்கள். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் கண் நம் மேலேயே இருந்தது. மாமா அவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தான். அடுத்த அறையில் கடல், கப்பல், புயல். அதற்கடுத்த அறையில்தான் செடிப் படங்கள், ஒரே வரிசையாக, மெல்லிய விளக்கொளியில். சுவரை ஒட்டி ஒரு சிவப்புக் கயிறு. கயிற்றைத் தாண்டித் தலையை நீட்டினால் மணி அடிக்கும் என்று காவலாளி எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கூடத்தின் பொறுப்பாளரான வெள்ளைமுடி அம்மாள் எறும்பின் தோளில் கை வைத்து நாலு வார்த்தை பேசினார். இந்த வரிசையில் ஒரு படம் சேர்வதென்றால் அது இங்கே இருக்கும் மற்ற படங்களுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், இது நிற்கிறது என்றார். துணியை விலக்கினார். கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். எல்லோரும் நிறுத்திய பிறகும் ஒரு கை மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. மாமாவுடையது.

பெயிண்டர் கைதட்டவில்லை. சுவரைப் பார்க்கிற மாதிரியே பார்த்தார். ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். யாருடைய காலையோ மிதித்தார். எதிர்ச் சுவர் முதுகில் முட்டும்வரை போய் நின்றார்.

அங்கிருந்து அவருக்குத் தெரிந்தது இதுதான்: வெள்ளைத் தாள். நடுவில் ஒரு கொடி. ஒரு கிளையில் மட்டும் இலையும் பூவும் நிறத்தோடு இருந்தன. மற்ற கிளைகள் எல்லாம் வெள்ளை.

அவர் முகம் மாறியது.

“பாதிதான் அடிச்சிருக்கு” என்றார்.

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அந்த அறையில் மெதுவாகப் பேசினால்தான் நன்றாகக் கேட்கும். கைதட்டியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“பாதில தூக்கி மாட்டிட்டாங்க. எல்லாத்தையும் பாதில விடற பழக்கம், இங்கயும் வந்திருச்சு.”

வழக்கம்போல் சுவரைப் பார்த்துத்தான் சொன்னார். இந்தச் சுவரில் அவள் படம் தொங்கியது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கோபத்தில் சொல்லவில்லை என்று அம்மாவுக்குத் தெரிந்தது. அவர் வருத்தப்பட்டார். முடிக்காத வேலையை ஊர் முன்னால் மாட்டி, தன் மகளைப் பார்த்து எல்லோரையும் சிரிக்க வைக்கிறார்களோ என்று வருத்தப்பட்டார். ஆனால் அது எறும்புக்கு எப்படித் தெரியும்? அவள் காது சிவந்தது. பொறுப்பாளர் அம்மாள் ஏதோ விளக்க வாயெடுத்தார். எறும்பு கையால் தடுத்தாள்.

“பாதி இல்லன்னு சொல்லுங்க. பக்கத்துல இருக்கிற பழைய படத்தையெல்லாம் பார்க்கச் சொல்லுங்க. ஒரு கிளைக்கு நிறம், மத்ததுக்குக் கோடு. அப்படித்தான் போடணும். கோடு தெரியலன்னா கிட்டப் போய்ப் பார்க்கச் சொல்லுங்க.”

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கிட்டப் போகச் சொல்லிவிட்டாள். அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

பெயிண்டர் நடந்து வந்தார். கயிற்றுக்கு முன்னால் நின்றார். தலையைப் பின்னுக்கு இழுத்தார், முன்னுக்கு நீட்டினார். எந்தத் தூரமும் சரியாக வரவில்லை. அந்த வெள்ளைக்குள் என்னவோ இருக்கிறது, மழைத் தண்ணீருக்கு அடியில் கிடப்பது போல் மங்கலாக. புறங்கை தானாக முன்னால் போனது. அதன் பின்னால் முகமும் போனது.

மணி அடித்தது.

கப்பல் அறையில் இருந்தவர்கள்கூட ஓடி வந்தார்கள். காவலாளி விரைந்து வந்து, பெரியவரே, கொஞ்சம் பின்னால் வாருங்கள் என்று கையைப் பிடித்தார். மாமா சிரித்துச் சமாளிக்கப் பார்த்தான், எங்கள் மச்சானுக்கு எந்தச் சுவர் என்றாலும் ஈரம் பார்க்காமல் இருக்க முடியாது என்றான். யாரும் சிரிக்கவில்லை.

பெயிண்டர் அசையவில்லை. சாரத்தின் உச்சியில் நின்று பயப்படாத மனிதர், அந்தக் கயிற்றின் முன்னால் நிற்கத் தெரியாமல் நின்றார். பிறகு திரும்பாமலேயே, தோளுக்குப் பின்னால் கையை நீட்டினார்.

“அதைக் குடு.”

அம்மாவுக்கு எது என்று தெரியும். தெரியாதது போல் ஒரு மூச்சு நேரம் நின்றாள்.

எறும்பு தலையை லேசாக, வேண்டாம் என்று ஆட்டினாள். அதுவும் அம்மாவுக்குத் தெரிந்தது. இதைக் கொடுத்தால் அவர் எல்லாவற்றையும் பார்ப்பார். பார்த்தால் கேட்பார். கேட்டால் மலையும் கடலும் இன்றைக்கே வீட்டுக்குள் வந்துவிடும். கொடுக்காவிட்டால் அவர் இப்படியே வெளியே போவார். என் மகள் வேலையை அரைகுறையாக விட்டவள் என்று நினைத்துக்கொண்டே போவார். அதற்கப்புறம் அந்த வீட்டில் எத்தனை கோட்டு அடித்தாலும் அந்தச் சொல் மறையாது.

அவள் மகளைப் பார்க்காமல் பையைத் திறந்தாள். மஞ்சள் துணியால் கண்ணாடியை ஒரு தடவை துடைத்தாள். கடையில் வருகிறவர்களுக்குச் செய்வது போலவே எதிரில் போய் நின்று, இரண்டு கையாலும் அவர் முகத்தில் மாட்டினாள். வலது காதுக்குக் கொஞ்சம் இறக்கினாள். அவர் காதின் உயரத்தை அவள் அளந்து பார்க்க வேண்டியதில்லை.

பெயிண்டர் படத்தின் பக்கம் திரும்பினார்.

முதலில் தண்டைப் பார்த்தார். தண்டின் மேல் இருந்த முடியைப் பார்த்தார். ஒவ்வொன்றும் தனித்தனியாக, வேரில் கொஞ்சம் தடித்து, நுனியில் மெலிந்து, காற்றில் நடுங்குவது போல். அடுத்த கிளைக்குப் போனார். அங்கே வெள்ளை இல்லை. இலையின் நரம்பு, நரம்பில் இருந்து கிளைக்கும் நரம்பு, இலை விளிம்பில் ஏதோ பூச்சி கடித்த சின்னப் பள்ளம் வரைக்கும் கோட்டிலேயே இருந்தது. நிறம் போட்ட கிளையைவிட நிறம் போடாத கிளையில்தான் வேலை அதிகம். ஓர் இடத்திலும் கோடு தயங்கவில்லை. ஓர் இடத்திலும் அழித்து எழுதிய தடம் இல்லை.

பக்கத்துப் படத்தைப் பார்த்தார். அதற்குப் பக்கத்தில் இருந்ததையும் பார்த்தார். திரும்ப மகளுடைய படத்துக்கே வந்தார். அவருடைய புறங்கை காற்றிலேயே நின்று, கயிற்றுக்கு இந்தப் பக்கத்தில் இருந்து, அந்தக் கோடுகளைத் தொட்டுக்கொண்டே போனது.

எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். காவலாளி மறுபடி பக்கத்தில் வந்தார். பெயிண்டர் அவரிடம் சொன்னார், மூன்றாவது மனிதரிடம் முதல் தடவையாக:

“என் பொண்ணு போட்டது.”

“தெரியும் ஐயா” என்றார் காவலாளி. “சுவர்ல மாட்டினது நாங்கதான். மாட்டறதுக்கு முன்னாடி ஆளுக்கு ஒரு தடவை கையில வாங்கிப் பார்த்துட்டுத்தான் மாட்டினோம்.”

பெயிண்டர் தலையாட்டினார். மாமா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கப்பல் படத்தைப் பார்க்கப் போனான். அம்மாவுக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடலாம் போல் இருந்தது. இந்த வார்த்தைக்காகத்தானே இவ்வளவும். இதோடு முடிந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தாள்.

பெயிண்டர் குனிந்தார். படத்தின் கீழ்மூலை.

“இது என்ன?”

எறும்பு ஓரடி கிட்டே வந்தாள்.

“இங்க ஒரு வட்டம் இருக்கு. உள்ளே ஒண்ணும் இல்ல. கோடும் இல்ல.” அவர் நிமிர்ந்தார். கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண்கள் பெரிதாக, புதிதாக இருந்தன. சுவரைப் பார்க்கவில்லை. மகளை நேராகப் பார்த்தார். “இது மட்டும் ஏம்மா பாதில நிக்குது?”

ஏம்மா என்றார். எறும்பு நாடாவைத் தேடினாள். கைக்கு நாடா கிடைக்கவில்லை, ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தாள். வெறும் கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள். அது காய் வர வேண்டிய இடம். இந்தக் கொடி இங்கே காய்க்காது. காய்க்கிற இடத்துக்குப் போய்த்தான் வரைய முடியும். போகச் சொல்லியிருக்கிறார்கள்.

அவர் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். கண்ணாடி வழியாக இப்போது எல்லாம் தெரிந்தது. பழைய படங்களில் ஓரிரண்டில் அதே போல் ஒரு வட்டம், தாள் மஞ்சளாகிப் போன பிறகும் காலியாகவே இருந்தது.

“இதெல்லாம்?”

“யாரும் போகல” என்றாள் எறும்பு. “போக விடல போல. அப்படியே நின்னு போச்சு.”

பெயிண்டர் அந்தக் காலி வட்டங்களின் முன்னால் ஒவ்வொன்றாக நின்றார். அடுத்தவன் அரைகுறையாக விட்ட சுவரைப் பார்க்கும்போது வருகிற அதே முகம். திரும்பி மகளிடம் வந்தபோது அந்த முகம் இல்லை.

“நம்ம வீட்டுப் படம் அப்படி நிக்கக் கூடாது” என்றார். “போய் முடிச்சிட்டு வா.”

எறும்பு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். வண்ணம் காய்ந்து விளிம்பு கட்டிய நகங்களும், மண் ஏறிய நகங்களும் சேர்ந்து நின்றன. அம்மா அதைப் பார்த்தாள். ஆனால் அவளுக்கு நிம்மதி வரவில்லை. அவருக்கு என்ன தெரியும்? காய் என்றார்கள், மலை என்றார்கள். பக்கத்து ஊர் மலை என்று நினைத்துத்தான் இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்.

பெயிண்டர் கண்ணாடியைக் கழற்றினார். மனைவியிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. வெள்ளைச் சட்டையின் பையில் வைத்து, அது அங்கேதான் இருக்கிறதா என்று ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

“தனியா வேணாம். நானே கொண்டு போய் விட்டுட்டு வர்றேன்” என்றார். “எங்க இருக்கு அந்த மலை? பஸ் போகுமா?”

எறும்பு அம்மாவைப் பார்த்தாள். அம்மா கையில் மிஞ்சியிருந்த மஞ்சள் துணியை மடித்தாள், மறுபடி பிரித்தாள், மறுபடி மடித்தாள்.